சின்ன டேங்க்தான் கணக்கு

கோவையிலிருந்து வால்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு 22 வண்டிகள். நான்தான் லீடர். வால்பாறை பங்க்கில் வரிசை நீண்டதும், "எனக்கு இன்னும் இருக்குண்ணா" என்று நாலைந்து பேர் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். நானும் விட்டுவிட்டேன். மலக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டி, காட்டுக்குள் ஒரு ஹார்லி ஃபார்ட்டி-எய்ட் இருமி நின்றது. செல்போனில் சிக்னல் இல்லை. கடைசியில் ஒரு பழைய புல்லட்டின் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஊற்றினோம்.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். அது 1200 சிசி வண்டி; டேங்க் வெறும் 7.9 லிட்டர். பெட்ரோல் முள்ளும் கிடையாது, விளக்கு எரிந்தால்தான் தெரியும். லிட்டருக்கு 20 கி.மீ. என்றாலும் 160-ஐத் தொடாது. கூட வந்த கிளாசிக் 350-க்கோ 13 லிட்டர். வண்டியின் உருவத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

அன்றிலிருந்து கடைப்பிடிப்பவை:

1. கிளம்பும் முன் எல்லோரிடமும் டேங்க் அளவும் மைலேஜும் கேட்டு எழுதிக்கொள்வேன். இருப்பதிலேயே குறைவாக ஓடும் வண்டியின் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அடுத்த பங்க். ஹார்லி வந்தால் 100 கி.மீ. மலையேற்றம் என்றால் இன்னும் குறைவு.

2. பங்க்கில் நின்றால் எல்லோரும் போட வேண்டும், இரண்டு லிட்டரே பிடித்தாலும். "அடுத்ததுல போட்டுக்கறேன்" என்பவருக்காக அப்புறம் 21 பேர் நிற்க வேண்டிவரும்.

3. வண்டிக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும், ஒரே பம்ப்பில் 22 வண்டிக்கு 33 நிமிடம். ஏழெட்டு வண்டிகளாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் அனுப்பினால் நெரிசலே இல்லை.

4. ஆளாளுக்கு ஜிபே, சில்லறை என்று நின்றால் நேரம் பறக்கும். முன்பணம் வாங்கிவைத்து ஒருவரே கட்டட்டும். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஜீரோ பார்ப்பதும் தொகையைக் குறிப்பதும் அவர் பொறுப்பு.

5. போட்டு முடித்ததும் வண்டியைத் தள்ளி ஓரங்கட்ட வேண்டும். கிளவுஸ் மாட்டுவது, போட்டோ எடுப்பது, டீ எல்லாம் அதற்கப்புறம்.

6. கடைசி வண்டிக்காரர்தான் கடைசியாகப் போடுவார். அவர் கட்டைவிரல் காட்டாமல் நான் கியர் போடுவதில்லை.

அதே தம்பி அதே ஹார்லியில் இன்றும் வருகிறார். பங்க்கில் முதல் இடம் அவருக்குத்தான். அவர் விளக்கு எரிவதற்குள் நாங்கள் அடுத்த பங்க்கில் இருப்போம்.