நெடுவரிசைப் பெயரும் பொருளும்: தருமபுரி, செங்கம் நடுகல் தரவுகளை இணைத்தல்

ஆய்வுச்சுருக்கம்

காட்சிவழி எந்திரக் கற்றல் மென்பொருள்கள் நெடுவரிசைகளின் பெயரொப்புமையைக் கொண்டு தரவுத் தொகுதிகளை இணைக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பினும் பொருள் வேறுபடலாம் என்பதையும், அவ்வேறுபாட்டைக் களைவது இணைப்புக்கு முந்தைய ஆய்வுப் பணி என்பதையும் இக்கட்டுரை நடுகல் தரவுகளின்வழி விளக்குகிறது.

குறிச்சொற்கள்: நடுகல், தரவு இணைப்பு, ஆரஞ்சு மென்பொருள், வெட்சி, கரந்தை

முன்னுரை

தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்கள் (1972), தருமபுரி கல்வெட்டுகள் (1975) ஆகிய நூல்களை வெளியிட்டது. இரண்டிற்கும் பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. அடுத்தடுத்து அமைந்த நிலப்பகுதிகளின் நடுகற்களை ஒருங்கே ஆராய விழையும் ஆய்வாளர், இரு நூற்செய்திகளையும் அட்டவணைகளாக்கி இணைக்க வேண்டியவராகிறார். சுலோவேனியாவின் லியுப்லியானா பல்கலைக்கழகத்தில் உருவான ஆரஞ்சு மென்பொருள் இதற்கு ஏற்ற கருவியாகும். நிரலெழுதாமல், திரையில் கருவிகளைக் கோட்டால் தொடுத்தே இதில் பணியாற்றலாம்.

இருவகை இணைப்பு

‘கான்கேட்டனேட்’ கருவி ஓர் அட்டவணையின் வரிசைகளின்கீழ் மற்றதன் வரிசைகளை அடுக்குகிறது. இரண்டிலும் உள்ள நெடுவரிசைகளை மட்டும் கொள்ளலாம், அனைத்தையும் கொள்ளலாம். அனைத்தையும் கொண்டால், ஒன்றில் மட்டும் உள்ள நெடுவரிசை மற்றதன் கற்களுக்கு வெற்றிடமாகும். ‘சிற்பம்’ என்பதன்கீழ் அமையும் அவ்வெற்றிடம் கல்லில் சிற்பம் இல்லை எனப் பொருள்படாது. அட்டவணையில் பதிவு இல்லை என்றே பொருள்படும்.

‘மெர்ஜ் டேட்டா’ கருவியோ பொதுவான ஒரு நெடுவரிசையைத் திறவுகோலாகக் கொண்டு, ஒரே கல்லைப் பற்றிய கூடுதல் செய்திகளைப் பக்கவாட்டில் சேர்க்கிறது. இதற்கு எழுத்து மாறாத ஒப்புமை வேண்டும். ‘தருமபுரி’யும் ‘தர்மபுரி’யும் இதற்கு இருவேறு ஊர்கள். ஒவ்வோர் அட்டவணையும் தனக்கெனத் தொடரெண் கொண்டிருந்தால், அத்தொடரெண்ணும் திறவுகோலாகாது. நூற்குறியீட்டையும் எண்ணையும் சேர்த்தமைத்த அடையாளமே பொருந்தும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

எழுத்து வேறுபாட்டைக் காண்பது எளிது. பெயர் ஒத்துப் பொருள் வேறுபடும் இடமே இடர் மிக்கது. மூன்று நெடுவரிசைகளைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாவது, ‘மாவட்டம்’. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம், 2004இல் கிருட்டிணகிரி பிரியும்வரை அப்பகுதியையும் உள்ளடக்கியிருந்தது. ஆகவே 1975ஆம் ஆண்டு நூலின் தருமபுரியும் இன்றைய களஆய்வுப் பட்டியலின் தருமபுரியும் ஒரே நிலப்பரப்பல்ல.

இரண்டாவது, ‘ஆண்டு’. பல்லவர் கால நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டையே குறிக்கின்றன. ஓர் அட்டவணை ஆட்சியாண்டையும் மற்றொன்று கிறித்தவ ஆண்டுக் கணிப்பையும் தந்தால், இரண்டும் எண்களாதலின் கருவி தடையின்றி இணைத்துவிடும். அதன்பின் பெறும் சராசரிக்குப் பொருளேதும் இல்லை.

மூன்றாவது, ‘திணை’. தொல்காப்பியம் நிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சியுள் அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாக்குகிறது. தொறுக்கொண்டு பட்டவனையும் தொறுமீட்டுப் பட்டவனையும் கல்வெட்டு வேறுபடுத்துகிறது. ஓர் அட்டவணை தொல்காப்பிய மரபையும் மற்றது வெண்பாமாலை மரபையும் பின்பற்றியிருந்தால், இணைந்த தரவு ஒரு வட்டாரத்தில் மீட்போர் கற்களே இல்லை எனக் காட்டும். இதில் பயிற்றப்படும் வகைப்பாட்டு மாதிரி, தொகுப்பாளரின் இலக்கண மரபையே வட்டார வேறுபாடாகக் கற்றுக்கொள்ளும். மாதிரியின் துல்லிய விகிதம் உயர்ந்திருப்பினும் முடிவு பிழையானதே.

தீர்வு

இணைப்புக்கு முன், கல்வெட்டு வாசகத்தை மாற்றாமல் ஒரு நெடுவரிசையில் வைத்தல் வேண்டும். ‘ஆட்சியாண்டு’, ‘கி.பி. கணிப்பு’, ‘பதிப்புக்கால மாவட்டம்’, ‘இன்றைய மாவட்டம்’ எனப் பெயர்களைப் பிரித்தல் வேண்டும். திணைக்கு மாறாக வீரனின் செயலைக் கவர்தல், மீட்டல், பிற, அறியவியலாதது எனப் பதிந்து, அதிலிருந்து இரு மரபுகளின் திணைகளையும் தனித்தனியே வருவிக்கலாம். வரிசை எந்நூலினது என்பதை ‘கான்கேட்டனேட்’ கருவியின் உரிய விருப்பத்தேர்வைக் கொண்டு குறிக்கலாம். அக்குறிப்பை மீத்தரவாக வைத்து, பயிற்சிக் கூறுகளில் சேர்க்காதிருத்தல் நன்று.

முடிவுரை

கருவி பெயர்களையும் தரவு வகைகளையும் மட்டுமே ஒப்பிடுகிறது. இரு நெடுவரிசைகள் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்பதைக் கல்வெட்டும் இலக்கணமும் நிருவாக வரலாறும் அறிந்தவரே தீர்மானிக்க இயலும். எனவே, பெயர்மாற்றத்திற்கும் பிரிப்பிற்கும் உரிய காரணங்களைத் தரவுடன் சேர்த்து வெளியிடுதல் ஆய்வாளரின் கடமையாகும். அவ்வாறு வெளியிட்டாலே பிறர் அந்த இணைப்பை மீளச் சோதிக்க இயலும்.