மச்சுப் படிக்கட்டும் நூல் இருப்பும்

வீட்டில் ஒரு படிக்கட்டு அமைப்பதற்கும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கிற்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் வினவலாம். சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னை எவரேனும் இவ்வாறு கேட்டிருந்தால், தொடர்பு ஒன்றும் இல்லை என்றே நானும் விடை கூறியிருப்பேன். அவ்வாறன்று என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிட்டு, பிறகு பாடத்திற்கு வருகிறேன்.

காவிரிக் கரையை அடுத்த நெசவுக் கிராமம் ஒன்றில் ஆண்டு இறுதி இருப்புச் சரிபார்ப்பு நடைபெற்றது. அங்கத்தினர் ஒருவருக்குச் சங்கம் கொடுத்த நூல், அவர் நெய்து ஒப்படைத்த துணி, கையில் இருந்த மீதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது இரண்டு கிலோவுக்கு மேல் நூல் குறைந்தது. கையில் இருந்த சிட்டங்களிலும் பல பூசணம் பூத்தும் எலி கடித்தும் இருந்தன. அவரிடம் விளக்கம் கேட்டேன். அவர் தலை குனிந்து நின்றாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, கூலியை நிறுத்தி வைக்கலாம் என்று குறிப்பு எழுதினேன்.

மறுநாள் சங்கச் செயலாளர், "ஐயா, ஒருமுறை அவர் வீட்டை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே" என்றார். சென்றோம். முன்கூடத்தில் குழித்தறி; பின்னால் சிறு சமையலறை; மேலே பலகை மச்சு. பரம்பரையாக நூல் இருந்த இடம் அந்த மச்சே. அதற்கு ஏறும் வழி ஒரு மூங்கில் ஏணி. ஐப்பசி மழையின்போது நூல் கட்டுடன் இறங்கிய அவருடைய மனைவி அந்த ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்று முதல் நூல் மச்சுக்கு ஏறவில்லை. சமையலறைச் சுவரோரம் தரையிலேயே கிடந்தது. நனைந்து அழுகிய சிட்டங்களைச் சங்கத்திற்குச் சொல்ல அஞ்சி எறிந்துவிட்டார்கள். "ஏணியைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது ஐயா, அவர்மேல் தப்பு இல்லை" என்று அந்த அம்மையார் கூறினார். நானும் அந்த ஏணியில் ஏறிப் பார்த்தேன். நான்காவது படியில் என் கால்களும் நடுங்கின. எழுதிய குறிப்பை அன்று மாலையே திருத்தினேன்.

நட்டத்தைச் சிறு தவணைகளில் ஈடு செய்ய நிர்வாகக் குழு இசைந்தது. அத்துடன், ஏணியை அகற்றி, அடியில் பெட்டகங்கள் பொருந்திய மரப் படிக்கட்டு ஒன்று அமைக்க வேண்டும் என்ற யோசனையும் எழுந்தது. அதே தெருவில் மேலும் இரண்டு அங்கத்தினர்கள் சேர்ந்துகொண்டனர். அந்த வேலையின்போது நாங்கள் கற்றவையே இக்கட்டுரையின் பொருள். விளைபொருளையும் விதையையும் மச்சில் வைக்கும் உழவர்களுக்கும் இவை பொருந்தும்.

1. அளவு

படிக்கட்டு வேலையில் முதற்கருவி உளியன்று, அளவுகோலே. கீழ்த்தளத்திலிருந்து மச்சின் மேல்தளம் வரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். இனிமேல் தரைக்குக் கல்லோ சிமெண்டோ போட எண்ணம் இருந்தால் அதன் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் கண்ட வீட்டில் அவ்வுயரம் 8 அடி 9 அங்குலம், அதாவது 105 அங்குலம். இதை 15 ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் 7 அங்குலம். மேற்படி மச்சுத் தளமே ஆதலால், 15 ஏற்றங்களுக்கு 14 மிதிபலகைகள் போதும். மிதியின் அகலம் 10 அங்குலம் எனக் கொண்டால், படிக்கட்டு தரையில் பிடிக்கும் நீளம் 140 அங்குலம், அதாவது 11 அடி 8 அங்குலம்.

படியின் உயரத்தை இரட்டித்து, அதனுடன் மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24 அல்லது 25 அங்குலம் வருதல் நலம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் மனிதனுடைய நடையை அடிப்படையாகக் கொண்டு இத்தகைய விதியை வகுத்தார். நம் கணக்கில் 7, 7, 10 மூன்றும் சேர்ந்து 24 ஆகின்றன. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் குடியிருப்பு வீடுகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், மிதியின் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. நம் அளவு இவ்வரம்புகளுக்குள் அடங்குகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. 105, 140 ஆகிய இரண்டும் 3, 4 என்ற விகிதத்தில் இருப்பதால், சாய்ந்த பக்கம் 5 என்ற விகிதத்தில் 175 அங்குலமாக அமைகிறது. மூலைமட்டத்தைச் சரிபார்க்கத் தச்சர்கள் நாள்தோறும் கையாளும் மூன்று, நான்கு, ஐந்து கணக்கே இது.

2. தலைக்கு மேல் இடம்

ஏணிக்கு மச்சில் மூன்றடித் திறப்பு போதும். படிக்கட்டுக்கு அது போதாது. நம் வீட்டில் மச்சுத் தளத்தின் கனம் 6 அங்குலம். ஆகவே அதன் அடிப்புறம் தரையிலிருந்து 99 அங்குல உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் 7 அடி, அதாவது 84 அங்குலம் வேண்டுமானால், இரண்டாம் மிதியில் நிற்பவருக்கு 85 அங்குலம் கிடைக்கிறது. மூன்றாம் மிதியில் 78 அங்குலமே கிடைக்கிறது. ஆதலின் மூன்றாம் மிதிக்கு மேலிருந்தே திறப்பு தொடங்க வேண்டும். மீதமுள்ள 12 மிதிகளுக்குமாகத் திறப்பின் நீளம் 120 அங்குலம், அதாவது 10 அடி ஆகிறது.

இவ்வளவு நீண்ட திறப்பை மச்சைத் தாங்கும் சட்டங்களுக்கு இணையாகவே எடுக்க வேண்டும். குறுக்கே எடுத்தால் பல சட்டங்களை அறுக்க நேரிடும். உத்திரத்தை ஒருபோதும் அறுத்தல் ஆகாது. மச்சு செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட தளமாயின், பொறியாளர் ஒருவரைக் காட்டி அவர் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும்.

3. மரமும் அதன் கணக்கும்

மிதிபலகைகள் 36 அங்குல நீளம், மூக்கு உட்பட 11 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் எனக் கொண்டால், பதினான்கிற்கும் 4.8 கன அடி மரம் தேவை. பக்கப் பலகைகள் இரண்டும் 15 அடி நீளம், 10 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் எனில் 4.2 கன அடி. படிகளின் முகப்பை மூடும் பலகைகள் முக்கால் அங்குலக் கனத்தில் 1.6 கன அடி. ஆகக் கூடுதல் 10.6 கன அடி. கழிவுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 13 கன அடி. கைப்பிடியும் பெட்டகக் கதவுகளும் இதில் அடங்கா. இக்கணக்கைத் தாமே போட்டு வைத்திருக்கும் அங்கத்தினரை மரக்கடையில் எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

தேக்கு சிறந்தது, விலை மிகுதி. வேங்கையும் உறுதியானது. பெட்டகங்களின் உட்பலகைகளுக்கு வேம்பு போதும். பூச்சி எளிதில் அண்டாது. எம்மரமாயினும் வைரம் பாய்ந்த பகுதியையே மிதிக்குக் கொள்ள வேண்டும். வெளிறு கறையானுக்கு உணவு. பச்சை மரத்தை ஆகாது என்று தள்ளிவிடுக. அது காய்ந்து சுருங்கும்போது பொருத்து விட்டுப்போய், படி முனகத் தொடங்கும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓர் ஆண்டு நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு.

மூன்று வீடுகளுக்கும் மரத்தைச் சேர்த்து வாங்கியதால் பேரம் பேச முடிந்தது. ஒரே அச்சுப் பலகையைக் கொண்டு தச்சர் மூன்று வீட்டுக்கும் குறி போட்டார். ஒரு வீட்டில் கழிந்த துண்டு மற்றொரு வீட்டில் இழுப்பறைக்கு உதவியது. கூட்டுறவின் பயன் சங்கக் கட்டடத்திற்குள் மட்டும் அடங்குவதன்று என்பதற்கு இது சான்று.

4. பொருத்துதல்

பக்கப் பலகையில் படிகளை வெட்டி, அவற்றின்மேல் மிதிபலகையை வைக்கும் முறையில் பழகிய தச்சரும் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. பக்கப் பலகையின் அடியை மிதிபலகையின் கனத்தளவு குறைத்து அறுக்க வேண்டும். நம் கணக்கில் ஒன்றரை அங்குலம். இதை மறந்தால் முதற்படி எட்டரை அங்குலமாகவும் கடைசிப்படி ஐந்தரை அங்குலமாகவும் முடியும். எல்லாப் படிகளும் ஒரே உயரம் என்று நம்பியே கால் நடக்கிறது. இருளில், கையில் சுமையோடு இறங்குபவரின் கால் அந்த நம்பிக்கையிலேயே இடறும். ஆகவே வேலை முடிந்ததும் படிதோறும் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

பக்கப் பலகையின் அடி மண்ணைத் தொடலாகாது. நான்கு அங்குல உயரக் கருங்கல்லின்மேல் நிறுத்தினால், ஈரமும் கறையானும் ஏறுவது குறையும். அக்கல்லின் உயரமும் முதற்படியின் 7 அங்குலத்திற்குள்ளேயே அடங்க வேண்டும். கைப்பிடி ஏறத்தாழ 3 அடி உயரத்தில் இருத்தல் வேண்டும். அதன் கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்திற்கு மேல் இடைவெளி விட்டால் குழந்தையின் தலை நுழையும். மச்சுத் திறப்பின் ஓரத்திற்கும் தடுப்பு இன்றியமையாதது.

5. அடியிலுள்ள பெட்டகங்கள்

படிக்கட்டின் அடியைப் பயன்படுத்துவது புதுமையன்று. ஜப்பான் நாட்டில் எடோ காலத்திலேயே (1603-1868) இழுப்பறைப் பெட்டிகளைப் படிகளாக அடுக்கிய 'கைதான் தன்சு' என்ற அமைப்பு வணிகர் வீடுகளில் இருந்தது. இடம் குறைந்த வீட்டில் அறிவு கண்ட வழி அது.

நாம் 140 அங்குல நீளத்தை மூன்றாகப் பகுத்தோம். தாழ்ந்த முதல் 40 அங்குலத்தில் சக்கரம் பூட்டிய தட்டைப் பெட்டி. அதில் நாடா, தார்க்குழல், கைக்கருவிகள். நடு 50 அங்குலத்தில் சிட்ட நூலுக்கான பெரிய இழுப்பறைகள். உயர்ந்த கடைசி 50 அங்குலத்தில் அச்சும் விழுதும் தொங்கவிடும் அலமாரி. அன்றாடம் வேண்டிய நூல் படிக்கட்டின் அடியிலும், மிகுதி மச்சிலும் இருப்பதால் ஏறி இறங்கும் வேலையும் குறைந்தது.

நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கையில், முற்றும் உலர்ந்த 100 கிலோ பருத்தி எட்டரைக் கிலோ நீரை ஏற்கும் என்பது வாணிகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. ஈர மூலையில் எடை கூடும். உலர்ந்த மச்சில் எடை குறையும். ஆகவே சிறு எடை வேறுபாட்டைக் கண்டவுடன் களவு என்று கருதலாகாது. இது தணிக்கை செய்யும் எம்மனோருக்குரிய பாடம். அங்கத்தினர்க்குரிய பாடம் யாதெனில், பெட்டகத்தின் பின்பலகையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் விலக்கி வைக்க வேண்டும். அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். காற்றுத் துளைகளைக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையால் மூட வேண்டும் என்பதே. அரை அங்குலச் சந்து இருந்தால் எலிக்குப் போதும்.

மண்ணெண்ணெய், எரிவாயு உருளை, பூச்சிமருந்து ஆகியவற்றைப் படிக்கட்டின் அடியில் ஒருபோதும் வைக்க வேண்டாம். தீ நேர்ந்தால் மச்சில் உள்ளவர்கள் இறங்கித் தப்பும் வழி அது ஒன்றே.

முடிவுரை

அடுத்த ஆண்டுச் சரிபார்ப்பிற்கு அதே வீட்டிற்குச் சென்றேன். அந்த அம்மையார் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக, மெல்ல மச்சுக்கு ஏறி நூலை எடுத்து வந்தார். கால் முன்போல் இல்லை. ஆனால் நடுக்கம் இல்லை. நூலை நிறுத்துப் பார்த்தோம். இருப்பும் கணக்கும் ஒத்தன. நான் எழுதிய முதற் குறிப்பைப்பற்றி அவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. அதைப் பேச வேண்டியவன் நானே ஆதலால் இங்கே எழுதினேன்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

(1) உங்கள் வீட்டு மச்சின் உயரம் யாது? அதற்கு எத்தனை படிகள், என்ன உயரத்தில் பொருந்தும்?

(2) உங்கள் திறப்பின் நீளத்தைச் சட்டங்களுக்கு இணையாக எடுக்க இயலுமா?

(3) உங்கள் தெருவில் ஒரே வகை வேலை வேண்டியவர் எத்தனை பேர்? மரத்தைச் சேர்ந்து வாங்க இயலுமா?

(4) அங்கத்தினர் ஒருவர் நட்டத்தை மறைக்காமல் சங்கத்திடம் கூறுவதற்குத் தடையாக இருப்பது யாது? அதை நீக்குவது யார் கடமை?