குண்டுகரிச்சானும் ஊர்ப் பொந்து மரங்களும்

பங்குனி, சித்திரை மாதங்களில், பொழுது புலர்வதற்குச் சற்று முன்பாக, உயர்ந்த மரத்தின் உச்சியில் அமர்ந்து நெடுநேரம் இனிமையாகச் சீழ்க்கையடிக்கும் கறுப்பு வெள்ளைப் பறவையின் குரலை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதுவே குண்டுகரிச்சான். வண்ணாத்திக் குருவி என்றும் இதனை அழைப்பர். மாட்டின் முதுகில் அமர்ந்து வரும் இரட்டைவால் கரிச்சான் வேறு, இது வேறு.

இப்பறவையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். ஆணின் தலை, மார்பு, முதுகு ஆகியவை பளபளக்கும் கறுப்பு நிறமுடையவை. வயிறும் இறக்கைப் பட்டையும் வெள்ளை. பெண் பறவைக்குக் கறுப்பு உள்ள இடங்களில் சாம்பல் நிறம் இருக்கும். தரையில் தத்தித் தத்திச் செல்லும்போது வாலை அடிக்கடி நிமிர்த்துவது இதன் வழக்கம்.

வாழுமிடம்

இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரையுள்ள வெப்ப நாடுகளில் இப்பறவை பரவியுள்ளது. வங்காள தேசத்தின் தேசியப் பறவையும் இதுவே. அடர்ந்த பெருங்காட்டின் உட்பகுதியை இது அதிகம் நாடுவதில்லை; மரமே இல்லாத வெட்டவெளியிலும் தங்குவதில்லை. திறந்த காடுகள், தோப்புகள், தோட்டங்கள், வீட்டுக் கொல்லைகள் ஆகியவையே இதற்கு உகந்தவை. எனவே இப்பறவையின் வாழ்விடத்தில் ஒரு பெரும்பங்கு நமது ஊர் எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

வாழ்க்கைக்கு இதற்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதவை. முதலாவது, இரை தேடும் நிலம். மரநிழலில் உதிர்ந்து கிடக்கும் சருகுகளைக் கிளறிப் பூச்சி, மண்புழு, பூரான் முதலியவற்றை இது தின்னும். கல்யாண முருங்கை, இலவம் போன்ற மரங்கள் பூக்கும் காலத்தில் அவற்றின் தேனையும் உண்ணும். இப்பறவை ஒன்றே பயிர்ப் பூச்சிகளை ஒழித்துவிடும் என்று சொல்வது மிகையாகும். ஆயினும் பூச்சிகளை அளவோடு வைத்திருக்கும் பல உயிர்களுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, கூடு வைக்கப் பொந்து. மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடையும் ஆற்றல் இதற்கில்லை. கிளை முறிந்து உளுத்த இடம், பழைய சுவரின் துளை போன்ற ஆயத்தமான பொந்துகளையே இது நம்பியிருக்கிறது. பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை இது இனம் பெருக்கும் காலம். பெண் பறவை புல், வேர், மயிர் முதலியவற்றால் பொந்தினுள் மெத்தை அமைத்து, நான்கைந்து முட்டைகள் இட்டு, தானே அடைகாக்கும். ஆண் பறவை எல்லையைக் காக்கும்.

இன்றைய நிலை

உலக அளவில் இது அழியும் அபாயத்தில் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அச்சம் மிகக் குறைந்த இனங்களுள் சேர்த்துள்ளது. ஆனால் இது கேட்டு நாம் வாளாவிருத்தல் தகாது. சிங்கப்பூரில் 1920-களில் எங்கும் காணப்பட்ட இப்பறவை, 1970-களின் இறுதிக்குள் மிகவும் அருகிவிட்டது. வாழ்விடம் மாறியதும், கூண்டுகளில் வளர்ப்பதற்காகப் பிடிக்கப்பட்டதும், வெளியிலிருந்து வந்த மைனாக்களின் போட்டியும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பின்னர் 1980-களில் பறவைகளைக் கொண்டுவந்து விட்டு அங்கு மீண்டும் பெருக்க நேர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவில் இதன் இனிய குரலே இதற்குப் பகையாகிவிட்டது. பாட்டுப் போட்டிக்காகவும் விற்பனைக்காகவும் இன்றும் அங்கு பெருமளவில் பிடிக்கப்படுகிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

எங்கும் நிறைந்திருந்த ஒரு பறவை ஓர் இடத்தில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் அருகிவிடக் கூடும் என்பதே இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

நமது ஊர்களில் இப்பறவைக்கு வரும் இடர் பெரும்பாலும் வலையினால் வருவதன்று; நல்லெண்ணத்துடன் செய்யப்படும் துப்புரவினால் வருவது. புறம்போக்கில் நிற்கும் பட்டுப்போன மரத்தைப் பயனற்றதென்று கருதி ஏலம் விடுகிறோம். உயிர்வேலியை அகற்றிக் கம்பிவேலி போடுகிறோம். தோப்புச் சருகைக் கூட்டித் தீயிடுகிறோம். இவற்றால் பொந்தும் போகிறது, இரையும் போகிறது. வெட்டிய ஒரு மரத்திற்கு ஈடாக நூறு கன்றுகள் நட்டாலும், அவற்றில் ஒரு பொந்து உண்டாகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஆகவே பின்வருவனவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருத்தில் கொள்ளலாம்:

1. ஊர்ப் பொது நிலத்தில் உள்ள பொந்து மரங்களைக் கணக்கெடுத்து, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் பேணப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குறிக்கலாம். இக்கணக்கெடுப்பில் பள்ளி மாணவர்களையும் ஈடுபடுத்தலாம்.

2. பாதைக்கும் வீட்டுக்கும் ஆபத்து விளைவிக்கும் மரத்தை வெட்டத்தான் வேண்டும். மற்றவற்றை நிற்க விடலாம். உடனடி ஆபத்து இல்லாதவிடத்து, வெட்டும் வேலையை மார்ச் முதல் ஜூலை வரை ஒத்திவைக்கலாம்.

3. கிளுவை, நொச்சி, கொடுக்காய்ப்புளி முதலிய உயிர்வேலிகளை இயன்றவரை காப்பாற்றலாம். தோப்புச் சருகை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காக இடலாம். மண்ணின் ஈரம் காக்கப்படும், பறவைக்கும் இரை கிட்டும்.

4. பூச்சி மருந்தைத் தேவை அறிந்து, குறித்த அளவில் மட்டும் தெளிக்கலாம்.

5. பொந்து மரம் இல்லாத பள்ளி வளாகங்களில் மரப்பலகையால் செய்த கூடுபெட்டிகளைப் பூனை எட்டாத உயரத்தில் பொருத்தலாம். இத்தகைய பெட்டிகளை இப்பறவை ஏற்றுக்கொள்ளும்.

ஜனவரி 26ஆம் நாள் கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற தருணம். அன்று தீர்மானம் நிறைவேற்றினால், மார்ச்சில் கூடு தேடும் பறவைக்கு முன்பே மரங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கும். இதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. வெட்ட நினைத்த மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, அதில் பொந்து உண்டா, அதனுள் குடியிருப்போர் உண்டா என்று அறிந்தபின் முடிவு செய்தலே முதற் கடமை.