கம்ப்ரஸர் டேங்கில் ஊசி ஓட்டை: வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: வீட்டை ஒட்டிய ஷெட்டில் கதவு, கட்டில், பீரோக்களுக்கு பாலிஷ் அடித்துக் கொடுக்கிறேன். 100 லிட்டர் டேங்க் உள்ள பெல்ட் கம்ப்ரஸர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொஞ்ச நாளாக ராத்திரி காற்று ஏற்றி வைத்தால் காலையில் கேஜ் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. சோப்புத் தண்ணி தடவிப் பார்த்ததில் டேங்கின் அடிவயிற்றில், டிரெயின் காக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தது. சுற்றிலும் பெயின்ட் உப்பி நிற்கிறது. வெல்டிங் பட்டறைக்காரர், “ஒரு பொட்டு வச்சா போதும் அண்ணாச்சி” என்கிறார். நண்பர் ஒருவர், எம்-சீல் அப்பிவிட்டு 8 கிலோவுக்குப் பதில் 4 கிலோவில் ஓட்டச் சொல்கிறார். புதுசு வாங்க இப்போது வசதி இல்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் கம்ப்ரஸரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். இனி அந்த டேங்கில் காற்று ஏற வேண்டாம். வெல்டிங்கும் வேண்டாம், எம்-சீலும் வேண்டாம். டேங்கின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கம்ப்ரஸரின் காலம் முடியவில்லை. பம்ப்பும் மோட்டாரும் நன்றாக ஓடுகின்றன என்றால் அவற்றைக் கழற்றி வேறொரு டேங்கின் மேல் ஏற்றிக்கொள்ளலாம். முழு செட் வாங்கும் செலவு வராது.

ஒரு குண்டூசி ஓட்டைக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஓட்டை வெளியிலிருந்து விழவில்லை. உள்ளே பல வருடமாக அரித்த துரு, தகட்டின் மறுபக்கத்தை இப்போதுதான் எட்டியிருக்கிறது. கம்ப்ரஸர் காற்றை இழுக்கும்போது அதிலுள்ள ஈரத்தையும் சேர்த்தே இழுக்கிறது. உங்கள் ஊர்க் கடற்கரைக் காற்றில், 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று இழுக்கும் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் ஓடினால் 300 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவி உள்ளே போகிறது. காற்றை 8 கிலோவுக்கு அமுக்கி ஆறவிட்டால் அவ்வளவு ஈரத்தை அதனால் தாங்கிக்கொள்ள முடியாது. கால் லிட்டர் வரை தண்ணீராகப் பிரிந்துவிடும். அதில் பெரும்பகுதி டேங்கின் அடியில் போய்த் தேங்கும். தண்ணீர், அழுத்தத்தோடு இருக்கும் ஆக்ஸிஜன், பெயின்ட் இல்லாத உள்பக்க இரும்பு மூன்றும் சேர்ந்தால் துரு பிடிக்க வேறெதுவும் வேண்டியதில்லை. வெளியே உப்புக் காற்று அரிப்பதை நாம் பார்க்கிறோம். உள்ளே நடப்பதைப் பார்க்க வழியில்லை.

தண்ணீர் தேங்கிய இடம் முழுக்கத் தகடு மெலிந்திருக்கும். அதில் மிக மெலிந்த புள்ளியைத்தான் நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதற்குப் பக்கத்தில் தகடு அரை மில்லிமீட்டர் இருக்கிறதா, ஒரு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்க், தகடு 3 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ அழுத்தத்தை அது சிரமமில்லாமல் தாங்கும், அந்த எஃகு தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடச் செலவழிப்பதில்லை. அதே தகடு அரை மில்லிமீட்டராகத் தேய்ந்தால் சாதாரண எஃகு வளைந்து நெகிழத் தொடங்கும் எல்லையையே தாண்டிவிடும். அந்த மெலிவு அடிவயிற்றில் ஒரு கோடாக நீளவாட்டில் ஓடியிருந்தால், ஓட்டையோடு நிற்காது. டேங்க் நெடுக்காகப் பிளக்கும். டேங்கின் ஒவ்வொரு பக்க மூடியையும் உள்ளிருக்கும் காற்று ஏழரை டன்னுக்கும் அதிகமான விசையோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. 100 லிட்டர் டேங்கில் 8 கிலோ காற்று நிறைந்திருந்தால், 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று 200 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான ஆற்றல் அதில் அடைபட்டிருக்கிறது. பிளந்தால் அத்தனையும் ஒரே நொடியில், வீட்டை ஒட்டிய உங்கள் ஷெட்டில் வெளியே வரும்.

இதனால்தான் நண்பர் சொன்ன 4 கிலோ யோசனையையும் ஏற்க முடியவில்லை. அழுத்தம் பாதியானால் ஆற்றலும் கிட்டத்தட்டப் பாதியாகும், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் பாதி ஆளைக் கொல்லப் போதும். தகடோ நாளுக்கு நாள் இன்னும் மெலிந்துகொண்டே போகும்.

பட்டறைக்காரர் தெரிந்து தீங்கு சொல்பவர் அல்ல. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது சரியான வேலை. டேங்கில் அப்படி இல்லை. மெலிந்த தகட்டில் பொட்டு வைத்தால் ஓட்டை பெரிதாகும். அதை மூட இன்னொரு பொட்டு, அதையும் மூட மேலே ஒரு தகட்டுத் துண்டு என்று போகும். கடைசியில் சத்தம் நின்றுவிடும். ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தில், வெப்பத்தில் வாடிய மெல்லிய இரும்பு அப்படியே இருக்கும். பம்ப்பிலிருந்து ஏறிய எண்ணெய் டேங்குக்குள் படிந்திருக்கும், சூடுபட்டால் அது புகையும், தீயும் பிடிக்கலாம். அழுத்தக் கலன்களில் வெல்டிங் செய்ய அதற்கென்று தேர்ச்சி பெற்ற வெல்டர் வேண்டும், செய்த பிறகு ஹைட்ரோ டெஸ்ட் வேண்டும். டேங்கை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. தண்ணீர் காற்றைப் போல அமுங்கி ஆற்றலைச் சேர்த்து வைப்பதில்லை என்பதால், சோதனையில் டேங்க் தோற்றாலும் வெடித்துச் சிதறாது. இவ்வளவும் செய்யும் செலவில் உங்களுக்குப் புது டேங்கே வந்துவிடும்.

எம்-சீல் கசிவை அடைக்கும். தகட்டுக்குப் பலம் தராது. நான் அதற்கு இன்னும் அதிகமாகவே பயப்படுகிறேன். அந்த ஓட்டை உங்களுக்கு எச்சரிக்கை தந்துகொண்டிருந்தது. அதை அடைத்தால் எச்சரிக்கை நின்றுபோகும், ஆபத்து நிற்காது.

இப்போது உள்ளே காற்று மிச்சமிருந்தால் ஸ்ப்ரே கன் அல்லது ஹோஸ் வழியாக மெதுவாக விடுங்கள். முள் பூஜ்யத்துக்கு வந்ததும் அதை நம்பி நின்றுவிட வேண்டாம், பழைய கேஜில் முள் சிக்கிக்கொள்வதுண்டு. சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்து, காற்றுச் சத்தமே இல்லை என்று உறுதி செய்யுங்கள். டிரெயின் காக்கைக் கடைசியாகத் திறந்து, திறந்தபடியே விடுங்கள். காக் துருவேறி இறுகியிருந்தால் காற்று உள்ளபோது ஸ்பேனர் போட்டுத் திருகவே கூடாது. காக்கோடு தகடும் பிய்ந்து வந்துவிடும்.

இதே தொல்லை உள்ள மற்ற வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காற்று இறங்கும் கம்ப்ரஸர் எல்லாம் செத்த கம்ப்ரஸர் அல்ல. பல சமயம் டிரெயின் காக்கின் மரையிலோ, கேஜ் மாட்டிய இடத்திலோ, ஹோஸ் கப்ளிங்கிலோ கசிவு இருக்கும். காற்றை இறக்கிவிட்டுக் கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றிப் பூட்டினால் சரியாகிவிடும். மோட்டார் நின்றதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் ‘புஸ்’ என்று ஒரு நொடி காற்று போவது இயல்பு. அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், டேங்கின் வாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் கசடு சிக்கி, காற்று பின்னால் திரும்புகிறது என்று அர்த்தம். வால்வைச் சுத்தம் செய்யலாம், மாற்றலாம். சோப்பு நுரை மரையில் பூத்தால் ரிப்பேர் வேலை. தகட்டிலோ வெல்டிங் தையலிலோ பூத்தால் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிப்பக்கம் பெயின்ட் உப்பி, துரு செதிலாக உரியும் டேங்குக்கு, சோதிப்பதற்காகக்கூடக் காற்று ஏற்ற வேண்டாம்.

புது டேங்க் எடுக்கும்போது பெயர்த் தகட்டைப் படியுங்கள். கொள்ளளவு, அதிகபட்ச வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், செய்த வருடம் ஆகியவை அதில் பொறித்திருக்க வேண்டும். பெயர்த் தகடு இல்லாத டேங்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கம்ப்ரஸருக்குப் பேர்போன கோயம்புத்தூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். பழைய டேங்கின் அளவையும் மேலே பம்ப் உட்காரும் பலகையின் போல்ட் துளைகளின் இடைவெளியையும் அளந்துகொண்டு போனால், புது டேங்கில் துளை போடும் வேலை வராது. டேங்கின் தகட்டில் நேரடியாக எதையும் வெல்டிங் செய்யவோ துளைக்கவோ விடாதீர்கள். சேஃப்டி வால்வையும் நான்-ரிட்டர்ன் வால்வையும் புதிதாகவே போடுங்கள், அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். பம்ப்பையும் மோட்டாரையும் ஏற்றிய பிறகு இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு பெல்ட்டை மாட்டுங்கள்.

பழைய டேங்கை முழுசாகப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். யாரோ ஒருவர் ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, உங்களிடம் வந்ததைப் போலவே இன்னொருவரிடம் கொண்டுபோய் விற்பார். காக், பிளக் எல்லாம் கழற்றிய வெறும் டேங்கில், திறந்தவெளியில் டிரில் வைத்துப் பல இடங்களில் பெரிய ஓட்டைகள் போட்டுவிட்டுக் கொடுங்கள். உள்ளே எண்ணெய் இருப்பதால் கேஸ் கட்டிங் வேண்டாம்.

புது டேங்க் வந்த முதல் நாளிலிருந்தே, வேலை முடிந்ததும் ஒன்றிரண்டு கிலோ காற்று மிச்சம் இருக்கும்போது டிரெயின் காக்கைத் திறந்துவிடுங்கள். காற்றே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். வெறும் காற்று வரும்வரை விட்டு, ராத்திரி முழுக்கத் திறந்தே வையுங்கள். தண்ணீர் லேசாகப் பழுப்பாக வந்தால் கலங்க வேண்டாம். துருச் செதில்கள் வந்தால் கவனியுங்கள். டேங்க் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிரம்புகிறதென்றால், காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தொழிற்சாலைகளுக்கு 2025 வரை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு இருந்தது. அங்கே அழுத்தக் கலன்களை முறையாகப் பரிசோதிக்க இப்போதும் விதிகள் இருக்கின்றன. வீட்டு ஷெட்டுக்கு அப்படி யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அடிவயிற்றைப் பார்ப்பது உங்கள் வேலைதான்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரோடு காலி சமையல் கேஸ் சிலிண்டரை இணைத்துக் காற்று டேங்க் செய்யலாம் என்கிறான் பாலிடெக்னிக் படிக்கும் என் மகன். சிலிண்டர் டேங்கைவிடக் கெட்டியானதுதானே?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: கெட்டியானதுதான். 25 கிலோ அழுத்தத்தில் சோதித்துத்தான் அதை வெளியே விடுகிறார்கள். மகனின் கணக்கில் அந்த இடம் சரி. ஆனால் அது ஈரக் காற்றுக்காகச் செய்தது அல்ல. தேங்கும் தண்ணீரை இறக்க அடியில் வாய் கிடையாது. அதற்காகத் துளைத்து வெல்டிங் வைத்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லாமல் போகிறது. ‘காலி’ என்று நாம் சொல்லும் சிலிண்டரில் கேஸ் மிச்சம் இருக்கும், துளைக்கும்போதே தீப்பற்றலாம். போதாததற்கு அந்தச் சிலிண்டர் உங்களுடையதே அல்ல, எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. மகனின் ஆர்வத்தை அணைக்க வேண்டாம். பெயர்த் தகடு உள்ள 25 லிட்டர் டேங்க் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். சேஃப்டி வால்வும் பிரஷர் சுவிட்சும் மாட்டிய பிறகே கம்ப்ரஸரை ஓட்ட வேண்டும் என்று அவனிடம் கறாராகச் சொல்லுங்கள்.