துக்கம் விசாரித்தல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

எங்கள் ஊராகிய வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால், உறவினரும் அயலாரும் 'கேதம் கேட்க'ப் போவார்கள். படித்தவர்கள் இதனையே 'துக்கம் விசாரித்தல்' என்பர். கேட்டல், விசாரித்தல் ஆகிய இவ்விரு சொற்களும் என்னைச் சிந்திக்க வைத்தன. இறந்தவர் வீட்டுக்கு நாம் அழுவதற்காக மட்டும் போவதில்லை. "எப்படி நடந்தது?" என்று கேட்பதற்காகவும் போகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, வெளியூர்க் கல்குவாரி ஒன்றில் பாறை விழுந்து இறந்தார். என் தந்தையாரும் அதே குவாரியில் தமர் அடிக்கும் வேலை பார்த்தவர். கேதம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், "அவருக்கு விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிரவு தந்தையார் என்னிடம், "மேல ஒரு கல்லு மூணு நாளா ஆடிக்கிட்டே இருந்துச்சு தம்பி. எல்லாரும் பாத்தோம்" என்றார். "யாரிடமும் நீங்க சொல்லலையாப்பா?" என்று கேட்டேன். "சொன்னா மறுநாள் வேலை இருக்குமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்ததே.

பெரிய சுரங்க விபத்துகள் நிகழும்போது நாடே துக்கம் கொண்டாடுகிறது. தலைவர்கள் இரங்கல் தெரிவிக்கிறார்கள். அரசு நிவாரணம் அறிவிக்கிறது. அத்துக்கம் உண்மையில் விசாரிக்கவும் செய்கிறதா என்பதைச் சில நிகழ்ச்சிகளின் வாயிலாகக் காண்போம்.

சாஸ்நாலா: நீர் புகுந்த சுரங்கம்

இந்தியச் சுரங்க வரலாற்றிலேயே மிகக் கொடிய விபத்து, 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், தன்பாத்துக்கு அருகிலுள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்தது. அன்று பீகாரில் இருந்த அப்பகுதி இன்று ஜார்க்கண்டு மாநிலத்தில் உள்ளது. முன்பு வெட்டிக் கைவிடப்பட்ட மேற்பகுதிகளில் நீர் தேங்கி நின்றது. அதற்குக் கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். இடையிலிருந்த தடுப்பு தகர்ந்து வெள்ளம் உள்ளே பாய்ந்தது. ஏறத்தாழ 375 பேர் மாண்டனர். உள்ளே சிக்கியவர்களில் எவரும் உயிருடன் மீளவில்லை. நீரை இறைத்து உடல்களை வெளியே எடுக்கவே பல வாரங்கள் ஆயின.

இதிலுள்ள இயற்பியலை விளங்கிக்கொள்ள நாம் தன்பாத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கண்மாய்க் கரையைப் பார்த்தாலே போதும். கரை மேலே குறுகியும் அடியில் அகன்றும் இருப்பது ஏன்? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 1 கிலோ எடை அழுத்துகிறது. 60 மீட்டர் என்றால் 6 கிலோ. அதாவது, ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தடுப்பின் மீது 60 டன் எடை. கண்மாய்க் கரையில் கசிவு கண்டால் ஊரே மண்வெட்டியோடு ஓடுகிறது. பூமிக்கு அடியில் இருக்கும் கரையைக் கண்ணால் பார்க்க முடியாது. வரைபடத்தைக் கொண்டும் முன்னதாகத் துளையிட்டுப் பார்த்தும்தான் அதன் கனத்தை அறிய முடியும்.

இதனைச் சட்டம் அறியாமல் இருந்ததா? இல்லை. 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள், நீர் இல்லையென்று உறுதி செய்யப்படாத பழைய வெட்டுப் பகுதிக்கு 60 மீட்டர் தொலைவுக்குள் வேலை நெருங்கினால், முன் அனுமதி இல்லாமல் மேற்கொண்டு வெட்டக்கூடாது என்று கூறின. விபத்துக்கு 18 ஆண்டுகள் முன்பே விதி எழுதப்பட்டிருந்தது.

பாட்னா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி யு.என். சின்கா தலைமையில் விசாரணை நடந்தது. அதிகாரிகள் சிலர் மீது வழக்கும் தொடரப்பட்டது. 2012-ஆம் ஆண்டில்தான் இருவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் 36 ஆண்டுகள் ஓடிவிட்டன. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. தந்தையை இழந்த கைக்குழந்தைக்கு அப்போது 36 வயதைத் தாண்டியிருக்கும்.

இதைவிட வேதனை தருவது, அதே வகை விபத்து மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததுதான். 1989 நவம்பரில் இராணிகஞ்சில் உள்ள மகாவீர் சுரங்கத்தில் பழைய நீர் உடைத்துக்கொண்டு வந்தது. அங்கு ஜஸ்வந்த் சிங் கில் என்னும் பொறியாளர், ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய எஃகுக் கூண்டைத் துளை வழியே இறக்கி, தாமே அதில் இறங்கி 65 பேரைக் காப்பாற்றினார். எனினும் ஆறு பேர் இறந்தனர். 1995 செப்டம்பரில் தன்பாத் பகுதியின் கஸ்லிதாண்டில் ஆற்று வெள்ளம் புகுந்து 64 பேர் மாண்டனர். 2001 பிப்ரவரியில் அதே தன்பாத் பகுதியின் பாக்டிகியில் 29 பேர் இறந்தனர். அங்கும் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீரே எமனாயிற்று. 2018 டிசம்பரில் மேகாலயத்தின் க்சான் என்னுமிடத்தில் எலிவளைச் சுரங்கத்தில் நீர் புகுந்து 15 பேர் சிக்கினர். அத்தகைய சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை செய்திருந்தது! ஆண்டுதோறும் டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா நினைவிடத்தில் மலர் வைக்கிறார்கள். மலர் வைப்பது வேறு, பாடம் கற்பது வேறு என்பதை இந்த ஆண்டுகளின் வரிசையே காட்டிவிடுகிறது.

அபர்வான்: ஒரு தந்தையின் குரல்

இனி, கேள்வி கேட்ட துக்கம் ஒன்றைக் காண்போம். 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் காலை, பிரிட்டனின் வேல்சு நாட்டில் அபர்வான் என்னும் சிற்றூரில், மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவுக் குவியல் மழையில் ஊறிச் சரிந்து, கீழிருந்த தொடக்கப்பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியல் ஓர் ஊற்றின்மேல் கொட்டப்பட்டிருந்தது. பள்ளிக்குப் பின்னால் அபாயம் இருப்பதாக உள்ளூர் நகராட்சிப் பொறியாளர் 1963-லேயே கடிதம் எழுதியிருந்தார்.

சில நாட்களில் இறப்பு விசாரணை நடந்தது. குழந்தைகளின் பெயர்களைப் படித்து, மூச்சுத்திணறல் முதலிய காரணங்களை அதிகாரி கூறி வந்தார். அப்போது ஒரு தந்தை எழுந்து, தேசிய நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்ததே காரணம் என்று தம் பிள்ளையின் இறப்புச் சான்றிதழில் எழுதும்படி கேட்டார். அவர் அழவில்லையா? அழுதார். அழுதுகொண்டே விசாரித்தார்! நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான தீர்ப்பாயம் 76 நாட்கள் கூடி, 1967-இல் அவ்வாரியத்தின் மீதே பழியைச் சுமத்தியது. 1969-இல் கழிவுக் குவியல்களுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது.

ஆயினும் அங்கும் முழு நீதி கிடைத்ததாகச் சொல்ல முடியாது. எவரும் தண்டிக்கப்படவில்லை. எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்கென மக்கள் அளித்த நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுன் எடுத்துக்கொள்ளப்பட்டது. அத்தொகை 1997-இல்தான் திருப்பித் தரப்பட்டது. அதனையும் அவ்வூர் மக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் பெற்றனர்.

நம் பக்கத்துக் கல்குவாரிகள்

"இவையெல்லாம் நிலக்கரிச் சுரங்கங்கள். நமக்கு என்ன?" என்று நண்பர்கள் கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் பாறைகளுக்குப் பெயர்போனது. சித்தன்னவாசலிலும் குடுமியான்மலையிலும் திருமயத்திலும் நம் முன்னோர் பாறையைக் குடைந்து கோயிலாக்கினர். இன்று அதே வகைப் பாறை உடைந்து ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் சாலைக்கும் வீட்டுக்கும் போகிறது.

கல்குவாரியும் சட்டப்படி சுரங்கமே என்பதைப் பலர் அறியார். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் கட்டடக் கல், ஜல்லிக்கல் முதலியன எடுக்கும் சிறு பள்ளங்களுக்குச் சில விலக்குகள் அளித்தது. ஆனால் திறந்த பள்ளத்தின் ஆழம் 6 மீட்டருக்கு மேற்பட்டாலோ, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்தாலோ, வெடிமருந்து பயன்படுத்தினாலோ அவ்விலக்கு கிடையாது. பின்னர் 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இச்சட்டத்தின் பொருளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. வேட்டு வைத்துப் பாறை பிளக்கும் எந்தக் குவாரியும் "இது வெறும் பள்ளம்தானே" என்று தப்ப முடியாது.

2022-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் இரவு, திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராட்சதப் பாறைகள் சரிந்தன. ஏறத்தாழ 300 அடி ஆழப் பள்ளத்தில் ஆறு பேர் சிக்கினர். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தனர். மீட்புப் பணியின்போதும் பாறைகள் சரிந்தமையால் வேலை தடைப்பட்டது. கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நால்வர் இறந்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 மே 20 அன்று, நமக்கு அண்டையிலுள்ள சிவகங்கை மாவட்டத்து மல்லாக்கோட்டையில் மீண்டும் குவாரிப் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டனர்.

படி ஏன் வேண்டும்?

1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள் திறந்த பள்ளங்களுக்குச் சில எளிய கட்டளைகளை இட்டன. கெட்டியான பாறையிலும் படிப்படியாகவே வெட்ட வேண்டும். ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் தளர்ந்த கல்லோ மரமோ இருக்கக்கூடாது. அடியைக் குடைந்து மேலே தொங்கவிடக்கூடாது.

இவை அலுவலக அறையில் உட்கார்ந்து கற்பனை செய்தவை அல்ல. நம் வகுப்பில் படித்த சூத்திரத்தையே போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். படியே இல்லாத 90 மீட்டர், அதாவது ஏறத்தாழ 300 அடிச் சுவரிலிருந்து விழுந்தால் நொடிக்கு 42 மீட்டர்; மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல்! அதே கல்லின் ஆற்றல் 15 மடங்காகிறது. விழும் நேரம் நான்கு நொடிக்குச் சற்று அதிகம். கீழே கம்ப்ரசர் இரைச்சலிலும் ஹிட்டாச்சி இயந்திரத்தின் கூண்டுக்குள்ளும் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். படி இருந்தால் கல் அதன்மேல் விழுந்து தங்குகிறது. மேலே ஏறித் தளர்ந்த கல்லை நெம்பித் தள்ளவும் படிதான் இடம் தருகிறது.

அப்படியானால் படி வைப்பதில்லையே, ஏன்? படி வைத்தால் பள்ளம் அகலும். அகலமான நிலம் வேண்டும். படியாக நிற்கும் கல்லை எடுக்க முடியாது. செங்குத்தாக இறங்கினால் அதே நிலத்தில் அதிகக் கல் கிடைக்கும். அந்த அதிகக் கல்லின் விலையை யார் தருகிறார் என்பதே கேள்வி.

எதை விசாரிப்பது?

ஒரு விபத்துக்குப் பின் நாம் கேட்க வேண்டியவை எனக்குத் தோன்றியவரை இவையே:

1. படிகள் இருந்தனவா? அவற்றின் உயரம் எவ்வளவு?
2. அன்று காலை பாறை முகத்தைப் பார்வையிட்டவர் யார்? பதிவேட்டில் என்ன எழுதினார்?
3. இறந்தவருக்கு 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி பயிற்சி தரப்பட்டதா? அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்ததா?
4. விபத்து நடந்த இடம் ஆய்வாளர் வரும்வரை கலைக்கப்படாமல் இருந்ததா? மீட்புப் பணிக்கன்றி அதனைக் கலைக்கலாகாது என்றே 1952-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது.
5. முன்பே எச்சரித்தவர் உண்டா? அவருக்கு என்ன நேர்ந்தது?

இவற்றுள் ஐந்தாவதே முதன்மையானது என்பது என் கருத்து. அபர்வானில் கடிதம் எழுதப்பட்டது, எவரும் செவிசாய்க்கவில்லை. எங்கள் பெரியப்பா இறந்த குவாரியிலோ கடிதமே இல்லை. பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற அச்சம் உள்ளவரை எந்தச் சட்டமும் பாறையடிக்கு இறங்கி வராது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் குவாரிகளில் உழைப்போரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் இறந்தால் கேதம் கேட்க உறவினர்கூட அருகில் இல்லை.

முடிவுரை

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு ஊழ் என்றும் சட்டம் என்றும் இரு பொருள் உண்டு. "விதி அவ்வளவுதான்" என்று நாம் சொல்லும்போது முதற்பொருளில் ஆறுதல் தேடுகிறோம். அவ்வாறு ஆறுதல் தேடுவதை நான் குறைகூற மாட்டேன். கணவனை இழந்த பெரியம்மாவுக்கு அன்று அந்த ஒரு சொல்தான் துணையாக இருந்தது. ஆனால் அவர் வீட்டிலிருந்து வெளியே வந்த பிறகு இரண்டாவது பொருளை நாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆறு மீட்டர் என்று எழுதிய விதி ஒன்று இருந்தது. அதனை அன்று நான் அறியேன். என் தந்தையாரும் அறியார். அவரிடம் எவரும் சொன்னதில்லை.

இப்போது அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். நம் கல்லூரியில் குவாரித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கிறோம். நாம் ஒவ்வொருவரும் அவ்விதிகளை நம் வீட்டில் தமிழில் படித்துக் காட்டுவோம். விடுமுறையில் பேராசிரியர்கள் துணையோடு ஊர்களுக்குச் சென்று சொல்வோம். கேதம் கேட்கப் போகும் நிலை வருவதற்கு முன்பே கேட்கத் தொடங்குவோம்.