புனலாடத் தகுமா இப்புனல்?

நுழையும்முன்
புதுப்புனலின் வரவைத் திருநாளாகக் கொண்டாடியவர் நம் முன்னோர். வையையின் பெருக்கையும் அதில் மக்கள் நீராடி மகிழ்ந்ததையும் பரிபாடல் விரித்துரைக்கிறது. இன்றோ, ஆற்றில் இறங்குமுன் ‘இந்நீர் உடலுக்குத் தீங்கு செய்யாதா?’ என்று கேட்க வேண்டியுள்ளது. அவ்வினாவுக்கு விடை கூறும் மென்பொருள் எவ்வாறு இயங்குகிறது, பாலாற்றுக்கு அதை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

நகர்தோறும் நீர்நிலவரம்
சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மக்கள் கோடையில் ஆரே ஆற்றில் நீந்துவர். அவ்வாற்றின் வெப்பநிலையையும் நீரோட்டத்தின் அளவையும் ஊர்வாரியாகக் காட்டும் செயலி அங்குப் புழக்கத்தில் உள்ளது. பாரிசு நகரின் சேன் ஆற்றில் நீந்துவதற்கு 1923ஆம் ஆண்டு தடை விதிக்கப்பட்டது. கழிவுநீர் கலப்பதைக் குறைக்கும் பெரும்பணிகளுக்குப் பின், 2025 ஜூலையில் மூன்று இடங்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. அங்கு நீர் நாள்தோறும் ஆராயப்படுகிறது. கனமழைக்குப்பின் நீர் கெட்டால் நீந்துதல் நிறுத்தப்படுகிறது. அன்றைய நிலையைக் கொடியின் நிறம் அறிவிக்கிறது.

இத்தகைய மென்பொருளுக்கு இருவகைத் தரவுகள் வேண்டும். வெப்பநிலை, நீரோட்டம், கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் ஆகியவற்றை ஆற்றில் பொருத்திய உணரிகள் உடனுக்குடன் அனுப்பும். நோய்க்கிருமிக் கலப்பைக் காட்டும் நுண்ணுயிர்களையோ ஆய்வகத்தில் வளர்த்தே எண்ண வேண்டும். அதற்கு ஒருநாளோ அதற்கு மேலோ ஆகும். எனவே, கையில் கிடைக்கும் முடிவு நேற்றைய நீரைப் பற்றியது. இந்த இடைவெளியை நிரப்பவே மழையளவையும் நீரோட்டத்தையும் கொண்டு இன்றைய நிலையை மென்பொருள் கணித்துச் சொல்கிறது.

அளவுகோல் எது?
நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுநீரைப் பயன்பாட்டுக்கேற்ப வகைப்படுத்தியுள்ளது. அதில் ‘ஆ’ வகையே வெளியிடக் குளியலுக்கு உரியது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பி.எச். மதிப்பு 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம். மொத்தக் கோலிபார்ம் எண்ணிக்கை 100 மில்லிலிட்டருக்கு 500க்கு மிகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமோ ஈ.கோலை, என்டரோகாக்கை என்னும் நுண்ணுயிர்களை அளக்கிறது. அளக்கும் பொருளே வேறாக இருக்கையில், இரு நாட்டு எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது படியையும் முழத்தையும் ஒப்பிடுவதாகும்.

சராசரி காண்பதும் பிழையே. நான்கு பாடங்களில் முழு மதிப்பெண் பெற்றாலும் ஐந்தாவதில் தவறினால் தேர்ச்சி இல்லை. நீரும் அத்தகையதே. அளவுகளுள் ஒன்று தவறினாலும் ‘தகாது’ என்றே மென்பொருள் காட்ட வேண்டும்.

பாலாற்றுக்கு வந்தால்
அரக்கோணத்து மாணவி ஒருவர் இவ்வகைச் செயலியைத் தம் பகுதிக்கென உருவாக்க முனைவதாகக் கொள்வோம். பாலாறு அரக்கோணத்தைத் தொட்டு ஓடுவதில்லை. எனினும் அவ்வூர் அமைந்துள்ள இராணிப்பேட்டை மாவட்டத்தின் வழியே செல்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை என ஆற்றின் போக்கிலேயே அவர் ஊர்களை வரிசைப்படுத்துவார். அங்கேதான் முதல் இடர் தோன்றும்.

இக்கரைகளின் பெருந்தொழில் தோல் பதனிடுதல். கெடாதிருக்க உப்பிட்டு வைத்த தோலை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு நீரில் கரைகிறது. பதனிடும்போது குரோமியமும் சேர்கிறது. குளியலுக்குரிய நான்கு அளவுகளுள் உப்பும் இல்லை, குரோமியமும் இல்லை. ஆகவே பொது அளவுகோலை அப்படியே எடுத்தாளும் செயலி, உப்பேறிய நீருக்கும் பச்சை விளக்குக் காட்டக்கூடும். எந்த மண்ணில் எந்தத் தீங்கு உண்டோ அதை அளப்பதே அளவுகோலின் கடமை.

இரண்டாவது இடர், நீரின்மை. ஆண்டின் பெரும்பகுதியில் பாலாறு மணலாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வந்தால் கரைபுரள்கிறது. வெள்ளநீர் சுழிகளும், மணல் அள்ளிய குழிகளும் எந்த வேதிப்பொருளினும் விரைவாக உயிரைப் பறிப்பவை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படையணி அரக்கோணத்தில் நிலைகொண்டுள்ளது. வெள்ளத்தில் சிக்கியோரை மீட்பது அதன் பணிகளுள் ஒன்று. எனவே நீரின் தூய்மையோடு அதன் வேகமும் ஆழமும் செயலியில் இடம்பெற வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
தோல் பதனிடும் ஆலைக் கழிவு குறித்து வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘முன்னெச்சரிக்கைக் கொள்கை’, ‘மாசுபடுத்துவோரே இழப்பீடு செலுத்துதல்’ ஆகிய இரண்டும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என அது உறுதிசெய்தது.

வெற்றுக் கட்டம் பச்சையாகுமா?
அளக்கப்படாத இடத்துக்குச் செயலி என்ன நிறம் தரும்? இதுவே மாணவி முடிவுசெய்ய வேண்டிய தலையாய வினா. தீங்கு பதிவாகவில்லை என்பதால் தீங்கே இல்லை என்றாகாது. முன்னெச்சரிக்கைக் கொள்கை கற்பிப்பதும் அதுவே. எனவே ‘தகும்’, ‘தகாது’ என்னும் இரண்டோடு ‘தரவு இல்லை’ என்னும் மூன்றாம் நிலையும் வேண்டும். அந்நிலையில் நீரில் இறங்கலாகாது.

ஊர்களை ஒப்பிடுவதன் நோக்கம், ஓர் ஊரைப் புகழ்ந்து மற்றோர் ஊரை இகழ்வது அன்று. மேலூரில் நல்ல நீர் கீழூரில் கெட்டிருப்பின், அவ்விரண்டுக்கும் இடையே என்ன நேர்ந்தது எனக் கேட்க அது வழிசெய்கிறது. கேட்கும் மக்கள் உள்ள இடத்தில்தான் ஆறு மீளும். நூற்றாண்டுக் காலம் மூடிக் கிடந்த சேன் மீண்டும் திறந்தது. நம் பிள்ளைகள் அச்சமின்றிக் குடைந்து நீராடும் நாள் பாலாற்றுக்கும் வர, இன்று அளக்கத் தொடங்குவோம்.

கற்பவை கற்றபின்…
1. உங்கள் ஊர் நீர்நிலையை நேரில் கண்டு, அங்கு நீராடத் தகுமா என்பதை அறிய எவற்றையெல்லாம் அளக்க வேண்டும் எனப் பட்டியலிடுக.
2. ‘தரவு இல்லை என்பதும் ஒரு தகவலே’ – இத்தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.