காட்டு நிலத்துக்கு எது சாட்சி?



நம்ம ஊர்ல ஒரு ரோல் துணி டையிங்குக்குப் போகணும்னாலும் டெலிவரி சலான் வேண்டும். "சீட்டு எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. நம் மாவட்டத்திலேயே, உடுமலைக்குத் தெற்கே ஆனைமலையில் குருமலை, மாவடப்பு, தளிஞ்சி என்று மலைக் கிராமங்கள் உள்ளன. முதுவர், புலையர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளில் வாழ்கிறார்கள். அவர்களிடம் "சீட்டு எங்கே?" என்று கேட்டால் எதைக் காட்டுவார்கள்? விடை தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1. தீவில் எழுதிய வம்சாவளி

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே மெர் என்று ஒரு சின்னத் தீவு. 1898-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஹாடன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அங்கே சென்றது. அதில் இருந்த ரிவர்ஸ் என்பவர், "உன் அப்பா யார்? அவரோட அப்பா யார்?" என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். அதே ரிவர்ஸ் பிறகு எங்கே வந்தார் தெரியுமா? நம் நீலகிரிக்கு! தோடர்களிடமும் இதே முறையில் கேட்டு எழுதி, 1906-ல் 'தி தோடாஸ்' என்ற நூலை வெளியிட்டார்.

2. தோட்டக்காரர் போட்ட வழக்கு

மெர் தீவில் பிறந்த எட்டி மாபோ, ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்த்தவர். அங்கே ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற வரலாற்று அறிஞர்களோடு பேசும்போதுதான், தன் குடும்ப நிலம் சட்டப்படி அரசுடையது என்று அவருக்குத் தெரிந்தது. அதிர்ந்து போனார். 1982-ல் அவரும் இன்னும் நான்கு பேரும் வழக்குப் போட்டார்கள். தீவு மக்கள் சாட்சி சொன்னார்கள். 1898 குழுவின் பதிவுகளும் சாட்சியாக வந்தன. 1992 ஜூன் 3-ல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், மெர் மக்களுக்கு நில உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதைக் கேட்க மாபோ இல்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

3. நம் நாட்டில்

நம்மிடம் வன உரிமைச் சட்டம், 2006 இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் வாழும் பழங்குடியினர், தாங்கள் பயிர் செய்யும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனு முதலில் கிராம சபைக்குப் போகும். பட்டாதான் வேண்டும் என்பதில்லை. விதி 13 சொல்லும் சான்றுகளில் சில:

* அரசுப் பதிவுகள், வரைபடங்கள்
* வீடு, வரப்பு, தடுப்பணை
* பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம்
* மனு போடாத பெரியவர்களின் வாக்குமூலம், எழுத்தில்
* பழைய பதிவில் இருப்பவரோடு உறவு காட்டும் வம்சாவளி
* மானிடவியல் ஆய்வு நிறுவனங்களின் ஆய்வுகள்

இப்படி இரண்டு சான்றாவது இருக்க வேண்டும்.

4. எனக்குத் தோன்றியது

ரிவர்ஸ் எந்த வழக்கையும் நினைத்து எழுதவில்லை. ஆனாலும் 90 வருஷம் கழித்து அது உதவியது. அதற்காக, ஆய்வாளர் வந்து எழுதினால்தான் உரிமை என்று ஆகிவிடாது. நிலம் அங்கே உழைத்தவர்களுடையது. நோட்டு சாட்சி மட்டும்தான். அந்த நோட்டை அவர்களே எழுதினால் இன்னும் நல்லது இல்லையா?

என் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். கொள்ளுத்தாத்தா பேர் அப்பாவுக்கே தெரியவில்லை, பாட்டிக்குத்தான் தெரிந்திருந்தது. பாட்டிகள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

விடுதியில் தங்கிப் படிக்கும் மலைக்கிராம நண்பர்களே! காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். தாத்தா பாட்டி பேர், ஓடையின் பேர், இடுகாடு இருக்கும் இடம், யார் எப்போது சொன்னார்கள் என எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். நோட்டு உங்கள் ஊரிலேயே இருக்கட்டும்.



– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்